நன்றின்னு சொல்றவரைக்கும்

இல்லம்மா, எண்ணிக்கையே வேண்டாம். ஒரு நாளைக்கு மூணு தடவதான், தூங்கி எந்திரிச்சா மறுபடியும் மூணுன்னு வெக்கறதெல்லாம் கம்ப்யூட்டர் ஆட்டத்துல மத்த மந்திரச் சாமானுக்குச் சரி. இந்தக் கொம்புக் குவளைக்கு வேண்டாம். அவ எத்தன வாட்டி எடுத்துக் குடிச்சாலும் இது பேசணும். ஆமா, எத்தன வாட்டின்னாலும். அந்தக் கட்டத்தக் காலியா விட்டாப் போதுமா? காலியா விட்டா ஒண்ணுமே இல்லன்னு எடுத்துக்காதே? கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, போன வருஷம் ஒரு மோதிரத்துக்கு அப்படித்தான் விட்டேன். வெரல்ல போட்ட ஒடனே மோதிரத்தக் காணோம். தீந்துபோனா அழிச்சிடுன்னு எங்கயோ ஒரு டிக் இருந்திருக்கு, நான் பாக்கல. அந்த மோதிரத்துக்காக மாசக்கணக்கா மலை ஏறி எறங்கினவங்க என்னய உண்டு இல்லன்னு ஆக்கிட்டாங்க.

ம், அதே டிக்தான். எடுத்துடுங்க மொதல்ல. எடுத்தாச்சா? அப்பாடா.

என்னம்மா? இல்ல, லைன் நல்லாத்தான் இருக்கு. கரகரன்னு வர்றது என் தொண்டை. ரெண்டு நாளா மைக்க வெச்சுக்கிட்டுப் பேசிப் பேசிப் பதிவு பண்ணிக்கிட்டிருந்தேன்ல, அதான். இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன். ம். சரி, சொல்லுங்க.

மேடம்னு கூப்பிடாதீங்கன்னுட்டீங்க, அதனால ஜிமேனாம்மான்னே கூப்பிடறேன். நீங்க கொலம்பியா, நான் பராகுவே, முன்னப் பின்ன பாத்ததுகூட இல்ல. இந்த ஆட்டக்காரங்க குழுவுல ஒரு சந்தேகம் கேட்டேன், அவனவன் ஒரு லிங்க்கத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டான். நீங்க ஒருத்தர்தான் கூப்பிடுங்க, உக்காந்து பாத்துடுவோம்னீங்க. உங்க புண்ணியம்.

நான் நேராவே பேசிடலாமேன்னு கேக்கறீங்க. ஆட்டத்த நடத்தறவன் நானு, மைக் இருக்கு, கதைல வர்ற படகுக்காரன் பேச வேண்டிய எடத்துல நானே பேசினா முடிஞ்சுது, எதுக்கு இத்தன பாடுன்னு. நியாயமான கேள்விதான். அதுக்கு வர்றேன், மொதல்ல இந்த நன்றி பட்டன முடிச்சுடுவோம். அதுதான் எனக்கு முக்கியம்.

உங்க ஊர்ல இது கெடையாது போல. அதான் புரியல. எங்க ஊர்ல டெரெரே குடிப்போம், பச்சிலைய இடிச்சுப் போட்டு ஐஸ் தண்ணி ஊத்தி, மாட்டுக் கொம்புல செஞ்ச குவளைல. ஒரே குவளைதான், ஒரே உறிஞ்சிதான். ஊத்திக் குடுக்கறவரு ஒருத்தரு. அவரு குடுப்பாரு, நாம குடிச்சுட்டுத் திருப்பிக் குடுப்போம், அவரு அடுத்த ஆளுக்கு ஊத்துவாரு, அப்படியே சுத்தி வரும். திருப்பிக் குடுக்கறப்ப சும்மா குடுத்தா எனக்கு இன்னும் வேணும்னு அர்த்தம். நன்றின்னு சொல்லிக் குடுத்தா போதும், எனக்கு இனிமே ஊத்தாதீங்கன்னு அர்த்தம். வெளியூர்க்காரங்க இங்க வந்து மொத வாய் குடிச்சதுமே மரியாதையா நன்றி சொல்லிட்டு, அப்புறம் எல்லாரும் குடிக்கறதப் பாத்துக்கிட்டே வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருப்பாங்க. பாவமா இருக்கும். ஆனா யாரும் குடுக்க மாட்டோம். நன்றின்னுட்டாங்களே.

சிரிக்கறீங்க. நெஜந்தாம்மா.

அதனாலதான் சொல்றேன். நேரம் முடிஞ்சுது, ஆட்டம் முடிஞ்சுது, வேற மேப்புக்குப் போயாச்சு, எதுக்கும் இது நிக்கக் கூடாது. அவ நன்றின்ற பட்டன அமுக்கினா மட்டும் நிக்கணும். ஆமா, ஒரே ஒரு வழி. அப்படி வெக்க முடியும்ல? ரொம்ப சக்தியான சாமானாயிடும், ஆட்டம் சப்புன்னு போயிடும்ன்றீங்களா? போவட்டும்மா. இது அடிக்கவும் அடிக்காது, காயத்த ஆத்தவும் ஆத்தாது. பேசும், அவ்வளவுதான்.

அவன்னா என் மக. மாரிசெல். அவ ஆடறது ஒரு வில்லுக்காரி.

மொதல்ல எல்லாம் இத நாங்க வீட்டு மேசைலதான் ஆடினோம். ஆடினோம்னா, அவளும் அவ கூடப் படிச்சவங்களும். பகடையும் காகிதமுமா வீடே குப்பையாக் கெடக்கும். கதை நடத்தற பையன் குடும்பத்தோட அசுன்சியோனுக்குப் போயிட்டான். அப்ப இவ அடுப்படிக்கு வந்து, அப்பா நீதான் நாள் முழுக்க மைக்குல கத்தறியே, நீ நடத்துன்னா. நான் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பாளரும்மா. எங்க எங்கார்னாசியோன் பஸ் ஸ்டாண்டுல எந்த வண்டி எந்த மேடைலேர்ந்து கெளம்புதுன்னு சொல்றது என் குரல்தான். சிப்பா ரொட்டி விக்கற பொம்பளைங்க கூவறதையும் தாண்டி என் குரல் கேக்கும். ஊர்ல முக்காவாசிப் பேருக்கு என் மூஞ்சி தெரியாது. கடைல போயி அரைக் கிலோ வெங்காயம் குடுங்கன்னு வாயத் தொறந்தா, ஓ நீங்கதானான்னு திரும்பிப் பாப்பாங்க. கொஞ்சம் கர்வம் உண்டு எனக்கு, மறைக்கறதுக்கு என்ன.

அப்புறம் அவ ஸ்பெயினுக்குப் போயிட்டா, ஆட்டமும் சனிக்கெழமைக்குச் சனிக்கெழம கம்ப்யூட்டர்லன்னு ஆயிடுச்சு. மாலகான்னு ஒரு ஊரு. ஒரு வயசானம்மாவப் பாத்துக்கற வேலை. இங்கேர்ந்து போற பொண்ணுங்க எல்லாத்துக்கும் அதான வேலை. அவ கெளம்பின அன்னிக்கு எனக்கு டூட்டி. லீவு போடுன்னான் ஒவேலார், என் சிநேகிதன், இப்ப அவனும் எங்க கூட ஆடறான். போட்டு என்ன பண்றது, மேடைல நின்னு அழறதா. அசுன்சியோன் செல்லும் பேருந்து நான்காவது மேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது, பயணிகள் தங்கள் இருக்கைகளில் அமருமாறு கேட்டுக்கொள்கிறோம்னு, எல்லா வண்டிக்கும் சொல்ற மாதிரியேதான் அவ வண்டிக்கும் சொன்னேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கல. அவ படில ஏறி நின்னுக்கிட்டு, கண்ணாடி ரூமுக்குள்ள இருந்த என்னயப் பாக்கல. மேல கம்பத்துல இருந்த ஒலிபெருக்கியப் பாத்துக் கையாட்டினா.

என்னம்மா, ஏதோ சொன்னீங்க? ஓ, நாயா. குலைக்கட்டும் குலைக்கட்டும், எனக்கு ஒண்ணும் தொந்தரவில்ல.

யாரு கேக்கணும்னா? சத்தம் எல்லாருக்கும் போவணுமா, அவளுக்கு மட்டுமான்னு கேக்குதா அது. நல்ல வேளை கேட்டீங்க, இந்த மாதிரி ஒரு டிக்குலதான் நான் போன சனிக்கெழம கோட்டை விட்டேன். அன்னிக்கு அவசர அவசரமா நானே ஒண்ணு செஞ்சு வெச்சேன். குடிச்சாப் பேசணும்னு வெக்கறதுக்குப் பதிலா, யாரு கைல இருந்தாலும் பேசணும்னு டிக் பண்ணிட்டேன். ஆடறவங்க கொம்ப வாங்கி பத்திரமா இருக்கட்டும்னு கோவேறு கழுதை மேல இருந்த பைல போட்டுட்டாங்க. கழுதை பேச ஆரம்பிச்சுடுச்சு. ஏறு ஏறு, தண்ணி கூடுதுன்னு, படகுக்காரக் கெழவன் குரல்ல. நிறுத்தவும் தெரியல எனக்கு, கடைசில அந்தக் கொம்பையே அழிக்க வேண்டியதாப் போச்சு. ஒவேலார் கழுதைக்குக் கூலி குடுக்கறேங்கறான். மாரிசெல் சிரிச்சா பாருங்க. மூச்சு வாங்கி, மேசையத் தட்டிக்கிட்டு சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சுக் கேட்டு எத்தனையோ நாளாச்சு. எனக்குக் கதையே மறந்துபோச்சு, அப்படியே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அவளுக்கு மட்டும் வெச்சுடுங்க. மத்தவங்க முன்னாடின்னா வெக்கப்படுவா.

ஏன்னா, எப்படிச் சொல்றது. நாங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா உருப்படாதும்மா. சாப்டியா, சாப்டேன். அங்க மழையா, இல்ல. வேலை எப்படி, இருக்கு. அதோட முடிஞ்சுது. அப்புறம் அவ மூச்சு விடறது எனக்குக் கேக்கும், நான் மூச்சு விடறது அவளுக்குக் கேக்கும். வைக்கட்டுமாப்பாம்பா. சரிம்மா வையும்பேன். சண்டையெல்லாம் ஒண்ணும் கெடையாது. அவங்கம்மா இருந்தவரைக்கும் அவதான் ரெண்டு பேருக்கும் நடுவுல பேசுவா, எங்களுக்குப் பழகாமலே போயிடுச்சு.

ஆனா சனிக்கெழம ஆட்டத்துல, ஆத்தக் கடக்கணும்னா படகுக்காரக் கெழவன்கிட்டதான வரணும். சும்மா அக்கரைக்குக் கொண்டுபோயி விடறதுக்குன்னு நான் வெச்ச ஆளு. ரெண்டு வரி பேசிட்டுப் போயிடுவான்னு நெனச்சேன். இவ என்னடான்னா வேலை இல்லாட்டியும் வர ஆரம்பிச்சா. மத்தவங்க சந்தைல வெல பேசிக்கிட்டிருப்பாங்க, இவ வில்லத் தூக்கிக்கிட்டு ஆத்தங்கரைக்கு வந்துடுவா. கெழவா, ஒரு வாய் ஊத்தும்பா. அப்புறம் பேச்சுதான். ஒரு கோபுரத்துல வயசான ராணி ஒருத்தி இருக்கா, என்னய எப்பவும் வேற யாரோ பேரு சொல்லிக் கூப்பிடறா, செத்துப்போன அவ மக பேரு போல, நானும் திருத்தறதில்லன்னா ஒரு நாள். இன்னொரு நாள், நின்னுக்கிட்டே சாப்பிடறதே பழகிப்போச்சு கெழவான்னா. என் கதைல அந்த மாதிரி கோபுரமும் கெடையாது, ராணியும் கெடையாது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. மறுநா போன் பண்ணி, உக்காந்து சாப்பிடும்மான்னேன். சரிப்பான்னா.

ஒரு வாட்டி கேட்டா, அக்கரைக்குப் போனவங்க யாராவது திரும்பி வந்திருக்காங்களா கெழவான்னு. படகு ரெண்டு பக்கமும்தான போவுது, அது போறப்பவும் ஓட்டை, வர்றப்பவும் ஓட்டைன்னு சொன்னேன். சிரிச்சா. சிரிச்சுட்டு, காகிதம் வந்தாத்தான் திரும்பற படகுல ஏற முடியும்னா. அங்க தங்கறதுக்கான காகிதம்மா. இன்னும் கெடைக்கல. இப்ப ஊருக்கு வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்க. அவங்கம்மா செத்தப்பவே அதனாலதான் வரல. செல்போன மேசை மேல நிமித்தி வெச்சோம், அம்மாவ எடுத்துட்டுப் போனத அதுலதான் பாத்தா.

நான் சொல்ல வந்தது அது இல்ல. இத்தன வருஷத்துல அந்தக் கெழவன்கிட்ட கொம்பத் திருப்பிக் குடுக்கறப்ப அவ நன்றி சொன்னதே இல்லம்மா. ஒரு நாள்கூட இல்ல. மத்தவங்க சொல்லிடுவாங்க. இவ சும்மா குடுத்துட்டுப் போவா. அடுத்த சனிக்கெழம மறுபடியும் வருவேன்னுதான அர்த்தம். நான் அதுக்காகவே காத்துக்கிட்டிருப்பேன், இன்னிக்குச் சொல்லிடுவாளோன்னு.

இருங்க, தண்ணி.

ம். எங்க விட்டோம்? ஆமா, குரலுங்க. உங்களுக்கு நான் அனுப்பின அந்தப் பொட்டலத்துல இருக்கறது எல்லாம் நான் பேசினது, கெழவன் குரல்ல. ஏறு ஏறு தண்ணி கூடுது. அக்கரைல என்ன கொட்டிக் கெடக்கு, மெதுவாப் போவோம். உக்காந்து சாப்டியா. குளுருதா, இந்தா போத்திக்க. அழணும்னா அழுதுடு, ஆத்துல தண்ணி கூடினா எனக்குத்தான் துடுப்புப் போட சுலபம். இந்த மாதிரி. குலுக்கிப் போட்டு ஒண்ணொண்ணா வரணும், ஒரே வரி அடுத்தடுத்து வந்துடக் கூடாது. அப்படி வந்தா பொம்மைன்னு தெரிஞ்சுபோயிடும். பண்ணலாமா? நல்லது.

கொம்ப அவகிட்ட எப்படிக் குடுப்பேன்னா, இந்த சனிக்கெழம படகுக்காரன் இருக்க மாட்டான். குடிசைல கொம்பு மட்டும் ஆணில தொங்கும். ஒவேலார் அதப் படிச்சுச் சொல்லுவான். இனிமே அவன்தான் ஆட்டத்த நடத்தப் போறான். மருந்துக்கடைக்காரன். நல்லவன், ஆனா அவன் டிராகன் வந்துடுச்சுன்னு சொன்னாக்கூட சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு சொல்ற மாதிரியே இருக்கும். அவன்கிட்டப் போயி கெழவன் மாதிரி பேசுடான்னா, டேய் வில்ஃப்ரி, என்னால முடியாதுடா, நான் வேணா எழுதிக் காட்டறேங்கறான். எழுதிக் காட்டினா அவ ஆத்தங்கரைக்கு வருவாளா, சொல்லுங்க.

கம்ப்யூட்டர் குரலா? எழுதிப் போட்டா அதுவே பேசுமா. தெரியும்மா, இருக்குன்னு சொன்னாங்க. வேண்டாம். அந்த மாதிரி ஒண்ணு எனக்கே வரப் போவுதே, ஆட்டத்துலயாவது அது இல்லாம இருக்கட்டும்.

அது ஒரு சின்ன கருவிம்மா. டார்ச் லைட்டு சைஸு. கழுத்துல வெச்சு அமுக்கிக்கிட்டு வாய அசைச்சா பேச்சு வருமாம். ஆஸ்பத்திரில ஒருத்தரு பேசிக் காட்டினாரு. டப்பாக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. பாவம், அவரு நல்ல மனுஷன், எனக்குத் தைரியம் சொல்லத்தான் வந்தாரு.

ஆமா. வியாழக்கெழம காலைல. குரல்பெட்டிய மொத்தமா எடுத்துடறாங்க, கட்டி அங்கதான் இருக்குதாம். கழுத்துல ஒரு ஓட்டை போட்டு வெச்சுடுவாங்களாம், மூச்சு அது வழியா. உயிருக்குப் பயமில்லன்றாங்க. கேட்டீங்கல்ல, நேராவே பேசலாமேன்னு. அதான்.

அது சரி, குலுக்கிப் போடற எடத்துல பத்துன்னு காட்டுது, பொட்டலத்துல அதுக்கு மேலயே இருக்குமே. எல்லாத்தையும் எடுத்துக்கிச்சா?

ஜிமேனாம்மா. இருக்கீங்களா?

அட, நீங்க ஏம்மா. மூக்க உறிஞ்சறீங்க. நாயி என்னமோ ஏதோன்னு மறுபடியும் குலைக்குது பாருங்க.

அவகிட்ட சொல்லல. சொன்னா என்ன பண்ணுவா, அடுத்த விமானத்தப் பிடிச்சு வந்து நிப்பா. அம்மாவுக்குத்தான் வரல, அப்பாவுக்காவது வர்றேன்னு. அவ்வளவு வருஷம் அந்த ராணியோட மாரடிச்சது எல்லாம் வீணாப் போயிடும். எல்லாம் முடிஞ்சு தையல் பிரிச்சதும் ஒவேலார் போன் பண்ணிச் சொல்லுவான். திட்டுவா. திட்டட்டும், பதில் பேசவா போறேன்.

பயமாத்தான் இருக்கு. சாவறதுக்குப் பயம் இல்ல, அது வர்றப்ப வரட்டும். போன் அடிக்கும், எடுப்பேன், அப்பான்னு கூப்பிடுவா, நான் சும்மா காதுல வெச்சுக்கிட்டு நிப்பேன்ல. அதுதான் பயம். முன்னயும் பெருசா ஒண்ணும் பேசிக் கிழிக்கல. ஆனா சாப்டியான்னு கேப்பேன்ல.

டாக்டரு, பேச வேண்டியது ஏதாவது இருந்தா யாருகிட்டயாவது இப்பவே பேசிடுங்கன்னாரு. பாருங்க, உங்களப் பிடிச்சு வெச்சுப் பேசிக்கிட்டிருக்கேன். உங்க சாப்பாட்டு நேரமும் போச்சு.

என்னம்மா, ஒரு கட்டம் காலியா இருக்கா. எதுல? நன்றி பட்டன்லயா.

ஆமா. அவ நன்றின்னு அமுக்கினா என்ன கேக்கணும்னு நான் ஒண்ணும் வெக்கல. வெக்கத் தோணல. அவதான் சொன்னதே இல்லையே. அமைதியா நின்னுடட்டும்னு நெனச்சேன்.

இல்ல, நீங்க சொல்றதும் சரிதான். என்னிக்காவது ஒரு நாள் அவளும் சொல்லத்தான் வேணும். அந்தக் கொம்பையே பிடிச்சுக்கிட்டு எத்தன காலத்துக்கு உக்காந்திருப்பா. போதும்ப்பான்னு எந்திரிச்சுப் போவணும். போறப்ப காதுல ஒண்ணுமே விழலன்னா நல்லாருக்காதுல்ல. வண்டி கெளம்பறப்ப அறிவிப்பு இல்லாம கெளம்பினதே கெடையாது எங்க ஸ்டாண்டுல.

இப்பவே பதிவு பண்ணிடலாமா? இங்கேர்ந்தே? சரி, அமுக்குங்க. எந்தக் குரல்லயா. கெழவன் குரல்தான... இல்ல, இருங்க. கெழவன் வேண்டாம். ஸ்டாண்டுக் குரலும் வேண்டாம்.

இருங்க, தொண்டைய செருமிக்கறேன். கொஞ்சம் நேரம் குடுங்க.

ம். செவப்பு எரியுது. பேசலாமா?

மாரிசெல். அப்பா பேசறேம்மா.